மூன்று நாள் தின்ற ஒரு ‘வ’

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்காக, கானாடுகாத்தான் வீடு ஒன்றின் பெட்டகத்தில் கிடந்த ரங்கூன் கடைப் பேரேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை மட்டும் சேரவே இல்லை. நான் கூட்டினால் 5 ரூபாய் 8 அணா குறைந்தது.

எக்செல்லில் மறுபடி போட்டேன், அதே குறை. படத்தைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை தவறு செய்திருப்பார் என்றுகூட நினைத்தேன். (பக்கத்தின் உச்சியில் இருந்த பிள்ளையார் சுழியை ௨, அதாவது தமிழ் எண் இரண்டு, என்று முதல் நாள் கூட்டியவன் நான். அதை விடுங்கள்.)

உறுத்தியது ஒன்றுதான். சில தொகைகளின் பின்னால் ‘வ’ என்று இருந்தது. வரவின் சுருக்கம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அது பற்றுப் பக்கத்திலும் இருந்தது!

பேரேட்டை எட்டிப் பார்த்த அந்த வீட்டு ஆச்சி, “௮வ” என்ற இடத்தில் விரல் வைத்து, “எட்டேகால் லட்சணம்னா என்ன தம்பி?” என்றார். அவலட்சணம். அ எட்டு, வ கால்.

அரை, முக்கால் குறிகள் விநோதமாக இருந்ததால் தமிழ்ப் பின்னக் குறிகளின் பட்டியலில் தேடிப் பார்த்திருந்தேன். கால் சாதாரண எழுத்துபோல் இருந்ததால் ஏமாந்தேன். அந்தப் பக்கத்தில் 22 ‘வ’. கால் ரூபாய், அதாவது நாலணா வீதம் சரியாக 5 ரூபாய் 8 அணா.

அப்புறம் தேதி. ‘விரோதி வருடம், தை’ என்றிருந்தது. 60 ஆண்டுச் சுழற்சியில் அது 1889-90 அல்லது 1949-50. ரங்கூன் 1942இல் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால் முந்தையதையே எடுத்துக்கொண்டேன். தை என்பதால் அடிக்குறிப்பில் 1889 இல்லை, 1890.