பார்த்திய வெள்ளிக் காசு: அழகாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியர்களின் டிராக்மா என்ற வெள்ளிக் காசைச் சேர்க்கத் தொடங்கும் பலரும் முதலில் செய்வது, கோணல்மாணலாக இருக்கும் நல்ல காசை ஒதுக்கிவிட்டுப் பளிச்சென்று இருக்கும் போலியை வாங்குவதுதான். ஏதென்ஸ், அலெக்சாண்டர் காசுகளைப் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் இழுக்கும். ஆனால் பார்த்தியாவைக் கி.மு. 247 வாக்கில் தொடங்கி கி.பி. 224 வரை ஆண்ட ஆர்சசிட் வம்சத்தார் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தையே திரும்பத் திரும்ப அடித்தார்கள்: முன்பக்கம் பெரும்பாலும் இடதுபுறம் பார்க்கும் அரசனின் தலை, பின்பக்கம் கையில் வில்லோடு உட்கார்ந்திருக்கும் வில்லாளி, அவனைச் சுற்றிச் சதுரமாகக் கிரேக்க எழுத்து. அச்சு செதுக்கியவர்களுக்குக் காலப்போக்கில் கிரேக்கம் மறந்துபோய் எழுத்தெல்லாம் வெறும் கோடும் புள்ளியுமாக மாறிவிட்டது. வில்லாளியும் கடைசியில் நாலைந்து குச்சிகளாகி நிற்கிறான். அதனால் எந்தக் காலத்துக் காசு எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கி.பி. 2ஆம் நூற்றாண்டு டிராக்மா ஒன்றில் கிரேக்கம் தெளிவாகப் படிக்க வருகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், அங்கேயே நிறுத்தி யோசியுங்கள்.

இன்னொரு சிக்கல், காசில் பெரும்பாலும் அரசனின் சொந்தப் பெயர் இருக்காது. வம்சத்தை நிறுவியவரின் பெயரான ஆர்சசஸ் என்பதையே எல்லோரும் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆகவே தாடி, தலைமுடி, கிரீடம், ஆசனம் இவற்றை வைத்துத்தான் யார் என்று சொல்ல முடியும். தொடக்ககாலத்தில் அரசன் காதை மூடும் மெத்தென்ற தொப்பியோடு இருப்பான். இரண்டாம் மித்ரிடேட்டஸின் ஆரம்பக் காசுகளில் வில்லாளி ஒம்பலோஸ் என்ற கூம்புக்கல்லின்மேல் உட்கார்ந்திருப்பான், பிறகு சாய்வு வைத்த சிம்மாசனத்துக்கு மாறிவிடுவான். அரசர்க்கரசர் என்ற பட்டமும் அவர் காலத்தில்தான் காசில் ஏறுகிறது. இரண்டாம் ஓரோடஸின் நெற்றியில் ஒரு மரு தெரியும். அவருக்குப் பின் வந்த சிலருக்கும் அது உண்டு. முதலாம் வொலகேசஸ் காலத்திலிருந்து கிரேக்கத்தோடு பார்த்திய எழுத்தும் எட்டிப்பார்க்கிறது.

இந்த வகைகளை நாணய ஆய்வாளர் டேவிட் செல்வுட் எண் போட்டு ஒழுங்குபடுத்தியிருக்கிறார், விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். உதாரணமாக 45 முதல் 48 வரை இரண்டாம் ஓரோடஸ். எண்ணையும் நாணயச் சாலையையும் சொல்லத் தெரியாமல் ‘அரிய பார்த்திய வெள்ளி’ என்று மட்டும் எழுதியிருந்தால் விலகிவிடுங்கள்.

முதல் காசாக இரண்டாம் மித்ரிடேட்டஸோ இரண்டாம் ஓரோடஸோ வாங்கலாம். நிறையக் கிடைக்கும், விலை குறைவு, போலி செய்பவனுக்கு லாபமும் குறைவு. மூசா ராணியின் காசைத் தொடக்கத்திலேயே தேடிப் போகாதீர்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பரிசாக அனுப்பிய அடிமைப் பெண் என்று பழைய வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிய அதே மூசா, மகனோடு சேர்ந்து காசில் இடம்பிடித்தவர், செல்வுட் எண் 58. கதை அவ்வளவு சுவாரசியமாக இருப்பதாலேயே எல்லாருக்கும் அது வேண்டும், போலிக்கும் அதுவே காரணம்.

சரி, காசு கையில் வந்துவிட்டது. முதலில் எடை. நல்ல டிராக்மா ஏறக்குறைய 3.5 முதல் 4.1 கிராம் வரை, குறுக்களவு 20 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அப்புறம் விளிம்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சம்மட்டியால் அடித்த காசில் விளிம்பு வெடித்திருக்கும், வெடிப்பின் ஓரம் கூர்மையாகவும் உள்ளே போகப் போகக் குறுகியும் இருக்கும். வார்ப்புப் போலியிலும் அந்த வெடிப்பு இருக்கும், ஏனென்றால் அச்செடுத்ததே ஒரு நல்ல காசிலிருந்துதானே, ஆனால் வெடிப்பின் அடியும் ஓரமும் பாதி கரைந்த சோப்பைப் போல வழவழத்துப் போயிருக்கும். சுற்றிலும் ஒரு கோடு ஓடினாலோ, கோடு தெரியாதபடி அரம் போட்ட கீறல் இருந்தாலோ அது பெரும்பாலும் வார்ப்பு. எழுத்துக்கும் வில்லாளிக்கும் இடையிலுள்ள சமதளத்தில் குட்டிக் குட்டி உருண்டைக் குழிகள் தெரிகிறதா என்றும் பாருங்கள், உருக்கிய வெள்ளியில் சிக்கிய காற்று விடும் தடம் அது. மண்ணில் அரித்த குழி இப்படி உருண்டையாக இருக்காது, ஒழுங்கில்லாமல் கிழிந்தாற்போல் இருக்கும்.

நல்ல காசில் எழுத்துகளிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் ஓடும், அடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கம் வழிந்த தடம். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. தலை நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு புத்தகப் பக்கத்தைப் போல இடவலமாகத் திருப்பினால் வில்லாளியும் பெரும்பாலும் நேராகவே வருவான், அதையும் கவனியுங்கள்.

அடுத்தது அடர்த்தி. காசை நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி எடை குறைவதைப் பாருங்கள். வெளியே 3.90 கிராம், தண்ணீரில் 0.38 கிராம் குறைகிறது என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 10.26 வரும். சுத்த வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, ஆகவே இது நல்ல வெள்ளிதான். ஆனால் தராசு 0.01 கிராம் தவறினாலே விடை கால் புள்ளிக்கு மேல் ஆடும், 0.001 காட்டும் தராசு இருந்தால்தான் இதை நம்பலாம். அதோடு, நவீனப் போலியையும் நல்ல வெள்ளியில் செய்ய முடியும். அடர்த்தி குறைந்தால் சந்தேகிக்கலாம், சரியாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. செம்புக்கு வெள்ளி முலாம் பூசி அந்தக் காலத்திலேயே ஏமாற்றியிருக்கிறார்கள், அதைச் சேர்ப்பதற்கென்றே ஆட்களும் உண்டு!

கீழே போட்டுச் சத்தம் கேட்பது மட்டும் வேண்டாம். மண்ணில் கிடந்த பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி எளிதில் உடையும்.

கண்டுபிடிக்கக் கடினமானவை புதிய அச்சில் அடித்த போலிகள். வெடிப்பும் வழிந்த கோடும் அதிலும் இருக்கும். அதற்கு ஒரே வழி ஒப்பிடுவது: பழைய ஏலப் பட்டியல்கள், அருங்காட்சியகப் படங்கள் எல்லாவற்றிலும் அதே அச்சைத் தேடுங்கள். இரண்டு காசுகளில் அச்சு ஒன்றாக இருப்பது இயல்பே. ஆனால் அச்சு விலகிய அளவு, விளிம்பின் வடிவம், கன்னத்தில் உள்ள கீறல் எல்லாமே ஒன்றாக இருந்தால் இரண்டுமோ, குறைந்தது ஒன்றோ போலி.

நான்கு டிராக்மா மதிப்புள்ள டெட்ராட்ராக்மாவுக்குத் தனிக் கணக்கு. அது பெரும்பாலும் டைகிரிஸ் கரையிலிருந்த செலூக்கியா நகரில் அடிக்கப்பட்டது, செலூசிட் என்ற பழைய ஆண்டுக் கணக்கில் ஆண்டும் சில சமயம் மாதமும் அதில் இருக்கும், எனவே அரசனை அடையாளம் காண்பது எளிது. ஆனால் பிற்காலத்தில் செம்பு கலந்து கலந்து வெள்ளி பெயருக்குத்தான் மிஞ்சியது, அதன் நிறத்தைப் பார்த்துப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். செலூக்கியா இன்றைய ஈராக்கில் இருப்பதால், காசு எங்கிருந்து எப்போது வந்தது என்று காட்டும் காகிதமும் முக்கியம்: 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக எடுத்த தொல்பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் 2003இல் தடை செய்தது. அந்த 1990 தேதிக்கு முந்தைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்த காசுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். பழைய படம் இருந்தால் அதற்குப் பின் முளைத்த அச்சுப் போலி அது இல்லை என்பதும் தெரிந்துவிடும். ரசீது, பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், காசை பிவிசி உறையில் மட்டும் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துவிடும்.