அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் மசில்லோடர் பழகத் தொடங்குவது எப்படி

குழலின் வாய் வழியே முதலில் கருமருந்தையும் அதன்மேல் ஈயக் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கியை ஈழத்தில் இடியன் துவக்கு என்பார்கள். தமிழ்நாட்டில் அதற்கு நாட்டுத் துப்பாக்கி என்று பெயர். அங்கே அது பெரும்பாலும் காவல்துறைச் செய்திகளில்தான் அடிபடும். அமெரிக்காவிலோ மசில்லோடர் என்ற பெயரில் அது ஒரு மதிப்பான பொழுதுபோக்காக, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாத்தாக்கள் சுடுதளத்துக்கு வரும் வார இறுதி வழக்கமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவரின் அழைப்பாலோ, அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு நீண்ட துப்பாக்கியின் அழகாலோ இதில் உங்களுக்கு ஆர்வம் வந்திருந்தால், கடைக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது சட்டம். 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளையும், கருமருந்தை அல்லது அதன் மாற்றுப் பொருளை மட்டுமே கொண்டு சுடக்கூடிய, தோட்டாவை ஏற்காத மசில்லோடர்களையும் பழங்காலத் துப்பாக்கிகள் என்று தனியாகப் பிரித்து, துப்பாக்கி என்பதன் சட்ட வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. நவீனத் துப்பாக்கி ஒன்றின் உடற்பகுதியில் பொருத்தப்பட்டவற்றுக்கும், எளிதில் மாற்றித் தோட்டா போட்டுச் சுடக்கூடியவற்றுக்கும் இந்த விலக்கு கிடையாது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்ற தடையும் இதே கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மசில்லோடர் அந்தத் தடைக்குள் வராது என்று கடைக்காரர் உங்களிடம் சொல்லக்கூடும். அவர் சொல்வது கூட்டாட்சிச் சட்டத்தைப் பற்றி மட்டும்தான். மாநிலச் சட்டங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரிடத்தில் யாரும் கேள்வி கேட்காமல் வாங்கக்கூடிய பொருளுக்கு வேறோர் இடத்தில் அனுமதி அட்டை தேவைப்படும். துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு ஒருவரை நாடுகடத்துவதற்கே காரணமாகக்கூடிய நாடு இது என்பதால், பச்சை அட்டை வரும் முன் இதில் இறங்க நினைப்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டமும் அறிந்த ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். விளையாட்டு நோக்கத்துக்காக ஒருவர் 50 பவுண்டு வரை கருமருந்து வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடமளித்தாலும், உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாடகை ஒப்பந்தமும் ஊர்த் தீயணைப்பு விதிகளும் அதை அனுமதிக்கின்றனவா என்பது வேறு கேள்வி. புதியவருக்கு ஒரு பவுண்டு டப்பா ஒன்றே தாராளம். மருந்தை அளக்கும் சிறு எடையான கிரெயின் ஒரு பவுண்டில் 7000 இருப்பதால், ஒரு வெடிக்கு 50 கிரெயின் என்று வைத்தாலும் 140 முறை சுடலாம். விமானப் பயணத்தில் கருமருந்தையும், அதைப் பற்றவைக்கும் சிறு செம்புக் கேப்புகளையும் கைப்பையில் மட்டுமல்ல, சரக்கில் போடும் பெட்டியிலும் கொண்டுபோகக் கூடாது. சுடுதளத்துக்கு எடுத்துச் சென்ற பையை அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மருந்துத் துகள் பாதுகாப்புச் சோதனையில் வெளிப்படலாம்.

முதல் துப்பாக்கியை வாங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு முறையாவது சுடுதளத்துக்கு வெறுங்கையோடு போய்ப் பாருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. 1933இல் தொடங்கப்பட்ட தேசிய மசில்லோடிங் ரைஃபிள் சங்கம் இந்தியானா மாநிலத்தின் ஃபிரண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இயங்குகிறது. அதன் தேசியப் போட்டிகள் ஆண்டுதோறும் அங்கே ஜூனிலும் செப்டம்பரிலும் நடக்கின்றன. அவ்வளவு தொலைவு போக முடியாதவர்களுக்குப் பல மாநிலங்களில் சிறு குழுக்கள் இருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பொதுவாகக் கற்றுக்கொடுப்பதில் ஆர்வம் கொண்ட மூத்தவர்கள். நான் முதன்முதலில் போன நாளில், பக்கத்து மேசையில் இருந்த முதியவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே தன் துப்பாக்கியை நீட்டி, சுட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

எந்தத் துப்பாக்கி என்பதில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய நீண்ட, மெலிந்த ரைஃபிள்கள் ஃபிளிண்ட்லாக் வகையைச் சேர்ந்தவை; அவற்றின் குதிரையில், அதாவது விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் சுத்தியலில், கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி விழும் பொறி, பக்கத்துக் கிண்ணத்தில் உள்ள மருந்தைப் பற்றவைக்கும். அடுத்தது, அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்ற கருத்திலிருந்து வளர்ந்த பெர்குஷன் வகை. நிப்பிள் என்னும் சிறு குழாய் முனையின் மேல் செருகிய செம்புக் கேப்பைக் குதிரை அடிக்க, அந்த நெருப்பு உள்ளே பாய்கிறது. செயிண்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த கனத்த, குட்டையான ரைஃபிள்கள் இந்த வகையில் பெயர் பெற்றவை. இன்றும் பல நிறுவனங்கள் அந்தச் சாயலில் செய்து விற்கின்றன. ஃபிளிண்ட்லாக்கின் அழகு தனி என்றாலும், கல்லின் கூர்மை, கிண்ணத்து மருந்தின் அளவு, காற்றின் ஈரம் என்று ஒவ்வொன்றும் அதில் குறுக்கே வரும். ஆகவே .50 கேலிபர், அதாவது அரை அங்குலக் குழல்விட்டம் கொண்ட பெர்குஷன் ரைஃபிள் ஒன்றில் தொடங்குங்கள். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் உட்புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரை மெதுவாகத் திரும்புவதாக இருக்கட்டும். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு அதுவே ஏற்றது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று விரைவாகத் திரும்பும் குழல், நீண்ட குண்டுகளுக்காகச் செய்யப்பட்டது.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு விதியை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள். நவீனத் தோட்டாக்களில் பயன்படும் புகையற்ற மருந்தை ஒரு சிட்டிகை கூட இந்தத் துப்பாக்கியில் இடக் கூடாது. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவை ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்த கலவை. மணியின் பருமனைக் கொண்டு அதை ஒரு எஃப், இரண்டு எஃப், மூன்று எஃப் என்று பிரிப்பார்கள். எஃப் கூடக் கூட மணி பொடியாகும். .50 கேலிபருக்குப் பொதுவாக இரண்டு எஃப் பயன்படும், .45க்கும் அதற்குக் கீழும் மூன்று எஃப், ஃபிளிண்ட்லாக்கின் கிண்ணத்துக்கு நான்கு எஃப். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அவை பற்றிக்கொள்ள அதிக வெப்பம் வேண்டும் என்பதால் ஃபிளிண்ட்லாக்குக்குப் பொருந்துவதில்லை. எந்த மருந்தானாலும் அளவுக்குத் துப்பாக்கி நிறுவனத்தின் கையேடே வரம்பு. இலக்குச் சுடலுக்கு அந்த வரம்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கினால் போதும்.

இனிக் கெட்டிப்பதற்கு வருவோம். இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதலில் வெற்றுக் குழலுக்குள் கோலை விட்டு, குழல்வாயின் மட்டத்தில் கோலின் மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சரியாகக் கெட்டித்த பிறகு கோல் நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கோடுகளே உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. சுடும் மேடையில் குழலைத் துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, இரண்டு கேப்புகளை வெறுமனே வெடித்து நிப்பிளின் துளையைத் திறந்துகொள்ளுங்கள். பிறகு மருந்துக் கொம்பிலிருந்து அளவைக் குப்பிக்கும், குப்பியிலிருந்து குழலுக்கும் மருந்து போக வேண்டும். கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டினால், முந்திய வெடியின் கங்கு ஒன்று உள்ளே இருந்தால்கூட கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். மருந்துக்கு மேல், எண்ணெய்ப் பசை தடவிய பருத்தித் துணியைக் குழல்வாயில் விரித்து, அதன்மேல் .490 அங்குல ஈய உருண்டையை வைத்துச் சிறு கட்டையால் ஓர் அமுக்கு அமுக்கி, பிறகு கோலைச் சற்றுச் சற்றாகப் பிடித்துத் தள்ளி மருந்தின் மேல் உறுதியாக உட்கார வையுங்கள். துணி பருத்தியாகவே இருக்க வேண்டும். செயற்கை இழை உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையில் வெளி இருந்தால் குழல் உப்பவோ பிளக்கவோ கூடும் என்பதால், இரண்டாவது கோடு குழல்வாயோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் கேப்பைத் தொடாதீர்கள். கேப் செருகுவது எப்போதும் கடைசி வேலை. அப்போது குழல் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும்.

என் மூன்றாவது நாளில் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே கெட்டித்ததில், மருந்தே இடாமல் குண்டை அடிவரை தள்ளிவிட்டேன். கேப் மட்டும் சட்டென்று வெடித்தது. கோலைப் பிடுங்கிப் பார்க்கலாம் என்று நான் குனிந்தபோது, முதல் நாள் தன் துப்பாக்கியை நீட்டிய அந்த முதியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, குழலை இலக்குப் பக்கமே வைத்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார். உள்ளே மருந்து இருந்து அது தாமதமாகப் பற்றிக்கொள்வதும் உண்டு. மருந்து இடவில்லை என்பது அப்போது என் ஊகம் மட்டும்தானே. அந்த நிமிடம் கழிந்ததும் நிப்பிளைக் கழற்றி, அதன் வழியே சிறிதளவு மருந்தை ஊட்டி, கோலால் குண்டு இன்னும் அடியிலேயே இருக்கிறதா என்று உறுதிசெய்து, நிப்பிளை மீண்டும் பூட்டிச் சுட்டதும் குண்டு வெளியேறியது. கெட்டிக்கும்போது யாரிடமும் பேசுவதில்லை என்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். உங்களிடம் யாராவது பேச வந்தாலும் கையை உயர்த்திக் காட்டினால் போதும், இங்கே எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்.

வேட்டையாட விருப்பம் உள்ளவர்களுக்கு: பல மாநிலங்கள் மசில்லோடருக்கென்று தனிப் பருவம் வைத்திருக்கின்றன, பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மான் பருவம் ஃபிளிண்ட்லாக்குக்கென்றே பெயர் பெற்றது. அதற்கு வேட்டைக் கல்விச் சான்றிதழும் உரிமமும் தேவைப்படும். முதல் ஆண்டைச் சுடுதளத்திலேயே கழித்துவிட்டு அதைப் பற்றி யோசிப்பதே நல்லது.

சுட்டுவிட்டு வீடு திரும்பியதும் களைப்பாக இருக்கும். ஆயினும் துப்பாக்கியை அன்றிரவே கழுவியாக வேண்டும். கருமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். உள்ளே எதுவும் இல்லை என்று கோலால் உறுதிசெய்த பின், குழலைக் கழற்றி, அதன் அடியை இளஞ்சூடான சோப்புத் தண்ணீர் வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் மைபோலக் கறுத்து வரும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவி, உலர்ந்த துணிகள் ஈரமற்று வெளிவரும்வரை துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசி வையுங்கள். மறுநாள் மாலை வெள்ளைத் துணி ஒன்றை மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். அதில் செம்பழுப்பு நிறம் தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது என்று பொருள்; அப்போதே இன்னொரு முறை கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள்.