திருப்பூர் பக்கத்திலிருக்க டோக்கியோவைத் தேட வேண்டாம்: ஸ்ட்ரீட் ஸ்டைல் புகைப்பட ப்ராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் கல்லூரிகளில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பவர்களும் ஃபேஷன் டெக்னாலஜி படிப்பவர்களும் புகைப்பட ப்ராஜெக்ட்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று இளைஞர் ஃபேஷன், ஸ்ட்ரீட் ஸ்டைல். தலைப்பு நல்லதுதான். ஆனால் முடிவில் வந்து சேரும் படங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கின்றன. கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் சுவரில் சாய்ந்து நிற்கும் வகுப்புத் தோழன், உக்கடம் பெரியகுளக் கரையில் கூலிங் கிளாஸ் போட்ட இன்னொருவன், ஏதோ ஒரு மாலின் எஸ்கலேட்டரில் திரும்பிப் பார்க்கும் தோழி. பின்னணி மங்கியிருக்கும், முகம் வெளுத்திருக்கும், எந்த ஊரில் எடுத்தது என்றே தெரியாது.

முதல் தவறு கேமராவை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பின்ட்ரெஸ்ட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் டோக்கியோ ஹராஜுகு, சியோல், மும்பை பாந்த்ரா என்று படங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஆட்களைக் காந்திபுரத்தில் தேடுகிறார்கள். கிடைக்காதபோது நண்பர்களுக்கு அப்படி உடுத்திவிட்டுப் படமெடுக்கிறார்கள். அது ஃபேஷன் ஷூட். தனியாகச் செய்தால் அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் தெருவில் மனிதர்கள் தாங்களாக உடுத்தி வருவதைப் பதிவு செய்வது வேறு வேலை. இரண்டையும் கலந்துவிட்டு ஸ்ட்ரீட் ஸ்டைல் என்று பெயர் வைத்தால், ரிவ்யூவில் கேட்கப்படும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

நம் கொங்குப் பகுதிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. உடை தயாராகும் இடமும் அதை இளைஞர்கள் உடுத்தும் இடமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடம் திருப்பூருக்கு. கொஞ்சம் தள்ளிப் போனால் ஈரோடு ஜவுளிச் சந்தை, சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், நெகமம் புடவை, சிறுமுகைப் பட்டு. திருப்பூர் காதர்பேட்டை துணிக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டிய டி-ஷர்ட், ஆர்டர் ரத்தானதாலோ பிரிண்ட் நகர்ந்ததாலோ சாயம் ஒரு ஷேடு மாறியதாலோ இங்கே குவியலில் கிடக்கும். அதைப் பேரம் பேசி வாங்கிப் போட்டுக்கொண்டு போகும் பையன், அதே மாதிரி சட்டைக்கு எங்கோ ஒரு பனியன் கம்பெனியில் தையல் போடுபவனாகவே இருக்கலாம். இப்படி ஒரு கதை எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்? இதைக் கையில் வைத்துக்கொண்டு ஹராஜுகுவை நகலெடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முன்னோடிகளைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அவர்களுடைய படங்களின் தோற்றத்தை விட்டுவிட்டு, வேலை செய்த முறையைப் பாருங்கள். நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் பல பத்தாண்டுகள் ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சேரும் முனையில் நின்று, போகிற வருகிறவர்களின் உடையைப் படமெடுத்தார். சைக்கிளில்தான் சுற்றுவார். 2016ல், 87 வயதில் இறந்தார். மாலி நாட்டின் பமாகோ நகரில் மாலிக் சிடிபே 1960களில் தன் ஊர் இளைஞர்களை அவர்களுடைய நடன விருந்துகளிலும் தன் ஸ்டுடியோவிலும் எடுத்தார். 2007ல் வெனிஸ் பினாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தது. இரண்டு பேருக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தவை, தாங்கள் வாழ்ந்த ஊரிலேயே எடுத்த படங்கள்தான். பின்ட்ரெஸ்ட்டுக்கு முன்னால் வீட்டு ஆல்பத்தையும் திறந்து பாருங்கள். அப்பா, மாமா, சித்தி எல்லாம் உங்கள் வயதில் ஸ்டுடியோ திரைக்கு முன்னால் என்ன உடுத்தி நின்றார்கள் என்பது நல்ல ஆய்வுப் பொருள்.

அடுத்தது, தலைப்பை அகலமாக விட்டுவிடுவது. 'கொங்கு இளைஞர்களின் ஃபேஷன்' என்பதை ஒரு செமஸ்டரில் யாராலும் எடுத்து முடிக்க முடியாது. கேள்வியைச் சுருக்குங்கள். பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் (பன்னிரண்டு மணி நேரம்) பார்ப்பவர்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை என்ன உடுத்துகிறார்கள்? வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியைப் பழகும் பெண்கள் பயிற்சிக்கு எதில் வருகிறார்கள், அரங்கேற்றத்தன்று எல்லோரும் ஒரே நிறப் புடவையில் நிற்கும்போது தனக்கென்று எதை மாற்றிக்கொள்கிறார்கள்? கும்மி ஆசான் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்த கலை அது. அதை ஆட வரும் கல்லூரிப் பெண்ணின் உடையும் இளைஞர் ஃபேஷன்தான்.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இன்னொன்று. இங்கே பல கல்லூரிகளில் உடைக் கட்டுப்பாடு உண்டு. பையன்களுக்கு டி-ஷர்ட் கூடாது, சட்டையை இன் செய்ய வேண்டும்; பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டாவைப் பின் குத்தியிருக்க வேண்டும். ஆகவே அவர்களின் ஸ்டைல் சின்னச் சின்ன இடங்களில்தான் வெளிப்படும். முழுக்கையை எத்தனை மடிப்பு மடிக்கிறான், ஷூவுக்குள் என்ன நிறச் சாக்ஸ், கல்லூரி வாசலைத் தாண்டியதும் துப்பட்டா எப்படி மாறுகிறது, ஐடி கார்டு கயிற்றை எங்கே சுருட்டி வைக்கிறாள். பளிச்சென்ற உடையை மட்டும் தேடும் கண்ணுக்கு இதெல்லாம் தப்பிவிடும். ஒரே பஸ் நிறுத்தத்தில் காலையும் மாலையும் நின்று இந்த ஒன்றை மட்டும் எடுத்தாலே முழு ப்ராஜெக்ட் வந்துவிடும்.

யாரை இளைஞர் என்று எண்ணுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மாலுக்கு வருபவர்கள், காபி ஷாப்பில் உட்காருபவர்கள் மட்டுமே படத்தில் இருந்தால், அது காசு இருப்பவர்களின் ஆல்பமாகிவிடும். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு வரும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களை மாணவர்கள் படமெடுப்பதே அரிது. முடிக்குக் கலர் அடித்து, பார்த்துப் பார்த்து ஜீன்ஸ் எடுத்து, போன் கவர் வரைக்கும் பொருத்தமாக வாங்கி வருகிறவர்கள் அவர்களில் உண்டு. ஊரின் தெருவைப் படமெடுக்கிறோம் என்றால் அந்தத் தெருவில் நடப்பவர்கள் எல்லோரும்தான் அதில் வர வேண்டும்.

இனி அனுமதி. இங்கே நடக்கும் தவறு மதிப்பெண்ணோடு முடிவதில்லை, அடுத்தவர் வாழ்க்கையைத் தொட்டுவிடும். தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பது, போன் பேசுவது போல நடித்துக்கொண்டு எடுப்பது, இரண்டுமே வேண்டாம். நேராகப் போய்க் கேளுங்கள். "அண்ணா, உங்க சட்டை நல்லா இருக்குதுங்க, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் பலர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை கேட்கக் கூடாது. பெண்களிடம் பேச, குழுவில் ஒரு மாணவி இருப்பது நல்லது. படம் அனுப்புகிறேன் என்று சொல்லி அவர்கள் நம்பரைக் கேட்காதீர்கள். உங்கள் பெயர், கல்லூரி, ப்ராஜெக்ட்டின் மெயில் முகவரி அச்சடித்த ஒரு சின்னச் சீட்டைக் கொடுங்கள். வேண்டுமென்றால் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

கல்லூரியில் மாட்டுவதற்குச் சம்மதித்தவர் இன்ஸ்டாகிராமில் போடவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஜீன்ஸ் போடும் பெண்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இடத்தின் பெயரோடு ஒரு படம் பரவினால், அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம் வாங்குங்கள். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. முதலாமாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் உண்டு, மறந்துவிடாதீர்கள். சம்மதப் படிவம் எளிய தமிழில் இருக்கட்டும், வெளி மாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் இருக்கட்டும்.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கையில் கட்டிய கயிற்றின் நிறம், பைக் ஸ்டிக்கர், வேட்டிக் கரையின் நிறம் இவையெல்லாம் சில இடங்களில் சாதியையோ கட்சியையோ சொல்லிவிடும். நாங்குநேரியில் 2023ல் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதி வெறியில் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டத் தடை விதிக்க வேண்டும் என்று 2024ல் பரிந்துரைத்தது. படம் அழகாக இருக்கிறது என்று இந்த அடையாளங்களைப் பெரிதாகக் காட்டிவிடாதீர்கள். அதே சமயம் ஃபோட்டோஷாப்பில் அழித்து, இல்லவே இல்லை என்று காட்டுவதும் பொய். ஆசிரியரிடம் பேசுங்கள், அதன் பிறகு அந்தப் படம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். போனிலேயே எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் போனின் மெயின் லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. பக்கத்தில் போய்க் கண் மட்டத்திலிருந்து முழு உருவத்தை எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய், 2 எக்ஸ் ஜூமில் வைத்து, கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி எடுங்கள். பாதத்தை வெட்டாதீர்கள். உடைக்குக் காசு செலவழித்தவர் செருப்புக்கு என்ன செய்தார் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

போர்ட்ரெய்ட் மோடு இந்த வேலைக்கு எதிரி. தலையில் வைத்த மல்லிகையின் ஓரத்தையும் துப்பட்டாவின் நூலையும் தின்றுவிடும். அதைவிட முக்கியம், பின்னணியில் இருக்கும் கடைப் பலகை, டவுன் பஸ், டீக்கடை எல்லாவற்றையும் அழித்துவிடும். தெருவை அழித்துவிட்டால் ஸ்ட்ரீட் ஸ்டைல் ஏது? டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களும் பின்னணியை மங்கலாக்கும் எஃப் 1.8 அப்பர்ச்சரை விட்டுவிட்டு எஃப் 5.6 பக்கம் வரலாம்.

வெள்ளை வேட்டி சட்டையில் வருபவர்களை எடுக்கும்போது வெளிச்சத்தைத் தானே கணக்கிடும் ஆட்டோ எக்ஸ்போஷர் ஏமாந்துவிடும். ஃப்ரேம் முழுக்க வெள்ளை இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கருக்கிவிடும். முகத்தைத் தொட்டு வெளிச்சம் கூட்டினால் வெயிலில் வேட்டியின் மடிப்பெல்லாம் வெளுத்துப் போகும். நிழலுக்கு நகர்த்துவதுதான் வழி. மேம்பாலத்தின் அடியிலோ வேப்ப மரத்தின் கீழோ நிற்க வைத்து, முடிந்தால் ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுத்தால் முகம், வேட்டி இரண்டும் தப்பும். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் தோல் நிறத்தை வெளுக்கடித்துவிட்டு அதை இளைஞர் அழகு என்று மாட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். உடையின் நிறமும் அதோடு சேர்ந்து மாறிப்போகும்.

கோவை கிராஸ்கட் ரோட்டில் இரவில் எடுப்பவர்கள் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நடப்பவரைப் பகலில் எடுக்க 1/250க்குக் குறையக் கூடாது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கோவை, பொள்ளாச்சிப் பக்கம் 1/500 வையுங்கள். துப்பட்டா பறப்பது கூர்மையாக விழும்.

படம் எடுத்த கையோடு குறிப்பு எழுதாமல் விடுவதும் பெரிய இழப்பு. 'நவீன மங்கை', 'ஸ்டைலிஷ் தமிழன்' என்று பின்னால் உட்கார்ந்து தலைப்பு வைப்பதில் ஒன்றுமில்லை. எங்கே எடுத்த துணி, என்ன விலை, யார் தைத்தது, அக்காவிடமிருந்து வந்ததா, இதைப் போட்டுக்கொண்டு எந்த இடத்துக்குப் போக மாட்டீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். கோயிலா, தாத்தா வீடா, காடு தோட்டமா என்று அவர்கள் சொல்லும் பதிலில் உடையைச் சுற்றியிருக்கும் ஊர் முழுக்கத் தெரியும். அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாகப் போஸ் கொடுத்தவர்கள் எல்லாம் முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். எல்லாப் படங்களையும் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாதவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு, பதினைந்து மிஞ்சினால் போதும்.

காலண்டரையும் முன்கூட்டியே பாருங்கள். திருப்பூரில் எடுப்பதாக இருந்தால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் பொன்னான நேரம். போனஸ் கையில் வந்து ஊரே துணி எடுக்கும். தீபாவளி முடிந்த கையோடு பலர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், கம்பெனிகள் பழைய நிலைக்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும். ரிவ்யூ தேதி தீபாவளியை ஒட்டி விழுந்தால், இப்போதே துறைத் தலைவரிடம் பேசி மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.