கண்மாய் உள்வாயில் புதைந்த தீயணைப்பு வண்டியை மீட்கும் முறை

மழை ஓய்ந்து தை, மாசி பிறந்ததும் செட்டிநாட்டுக் கண்மாய்களின் உள்வாய், அதாவது நீர் தேங்கும் உட்பகுதி, மேலே பொறுக்குத் தட்டிக் காய்ந்திருக்கும். அடியில் வண்டல் ஈரமாகவே கிடக்கும். வைக்கோல் போரில் தீப்பற்றியது என்ற அழைப்புக்கு அதன் குறுக்கே விரையும் தீயணைப்பு வண்டி புதைவது பெரும்பாலும் அங்கேதான். ஊருணிக்கு நீர் வரும் வரத்துக்காலின் கரையும் மழையில் ஊறிய செம்மண் பாதையின் ஓரமும் அதே அளவு ஆபத்தானவை.

பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதை உணர்ந்த நொடியிலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மேலும் அழுத்தினால் டயர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அச்சு மண்ணில் உட்கார்ந்துவிட்டால் மீட்பு மணிக்கணக்கில் நீளும். அடுத்து, வண்டியைத் தொடும் முன்பே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, காரைக்குடியோ தேவகோட்டையோ, அருகிலுள்ள நிலையத்திலிருந்து மாற்று வண்டியை வரவழைக்க வேண்டும். தீ குழாய்க்கு எட்டும் தொலைவில் இருந்து, வண்டியும் சாயாமல் நின்றால், அங்கிருந்தே பம்பை இயக்கி அணைக்கலாம். வண்டி நகராததால் தீயணைப்பு நின்றுவிடக் கூடாது.

தொட்டி நீரைப் பற்றி நிதானமாக முடிவெடுக்க வேண்டும். 4,500 லிட்டர் கொள்ளும் வண்டியில் நீரின் எடை மட்டுமே நான்கரை டன். அதை இறக்கினால் பாதி வேலை முடிந்தது போலத்தான். ஆனால் தீ அணையும் வரை அந்த நீர் தேவைப்படலாம் என்பதால், மாற்று வண்டி வந்து சேர்ந்த பின்னரே வெளியேற்றுவது முறை. அதையும் வடிகால் வால்வைத் திறந்து சக்கரத்தடியில் விடாமல், குழாய் மாட்டித் தொலைவில், தாழ்வான பக்கத்தில் விட வேண்டும். இல்லையெனில் வண்டல் சேறாகி, வண்டி இன்னும் கீழே இறங்கும். தொட்டியைப் பாதியில் நிறுத்துவதும் தவறு: அலைபாயும் நீர் சாய்ந்த வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும். வண்டி சாய்ந்திருந்தால் தாழ்ந்த பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது.

பிறகு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதற்காகச் சக்கரங்களின் பின்புற மண்ணைச் சரிவாக வெட்டி, பலகை, சரளை, பனைமட்டை ஆகியவற்றில் கிடைத்ததை டயரோடு ஒட்டி நெருக்கமாகப் போட வேண்டும். ஜாக்கி வைப்பதானால் அதன் அடியிலும் அகலமான பலகை வேண்டும். டிஃபரன்ஷியல் லாக் (அச்சின் இருபக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு) உள்ள வண்டியில், சக்கரம் நின்றிருக்கும்போதே அதைப் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில், ஸ்டியரிங்கை நேராக வைத்து நகர்த்த வேண்டும்.

அப்படியும் வராவிட்டால் டிராக்டரோ ஜேசிபியோ இழுக்கட்டும். ஆனால் அது உறுதியான தரையில் நிற்க வேண்டும். கயிற்றை பம்பரில் கட்டாமல், இழுப்பதற்கென உள்ள கொக்கியில் மட்டுமே மாட்டி, வெட்டி இழுக்காமல் மெல்ல இறுக்க வேண்டும். அறுந்த வயர் கயிறு ஆளைக் கொல்லும். உதவ ஓடிவரும் ஊர்மக்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிறுத்துவதற்கென்றே ஒரு வீரரை ஒதுக்குவது கட்டாயம் என்பேன்.

வெளியே வந்ததும் இரட்டைப் பின்சக்கரங்களுக்கு இடையே சிக்கிய கற்களை அகற்றி, பிரேக்கை மெதுவான ஓட்டத்தில் சோதித்த பிறகே சாலையேற வேண்டும். புதைந்த இடத்தை நிலையப் பதிவேட்டில் அடையாளத்துடன் எழுதி வைத்தால், அடுத்த முறைப்பணியில் வரும் ஓட்டுநர் சுற்றுவழியைத் தேர்ந்தெடுப்பார்.