மாறுவேடப் போட்டிக்கும் நடிப்புப் போட்டிக்கும் மார்க் போடுவது எப்படி? மலையூர் விழாக் குழுவினருக்கு

சிவாஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசிவரை கிடைக்கவில்லை, எம்.ஜி.ஆருக்கு 1971-ஆம் ஆண்டுப் படத்துக்காகக் கிடைத்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இந்த ஒரு விஷயத்தை எடுத்துவிட்டால் போதும், பொழுது போய்விடும். அதே சிவாஜிக்கு 1960-இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. நடுவர்கள் மாறினால் முடிவும் மாறும். நடிகைகளின் உடையை வரிசைப்படுத்தும் பட்டியல்களும் இப்படித்தான், பெரும்பாலும் யார் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள் என்பதைக்கூடச் சொல்வதில்லை.

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் பொங்கல் விழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் சண்டை வருவது இதே இடத்தில்தான். ரசனையை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒருவருடைய ரசனை மற்ற நால்வரை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் முன்னேற்பாடு போதும்.

முதலில் நடுவர்கள். ஐந்து பேர் வேண்டும். மூவர் போதாது, காரணம் கீழே வருகிறது. போட்டியாளரின் உறவினர், டியூஷன் எடுப்பவர், அதே லைன் வீட்டுக்காரர் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பக்கத்து வீட்டார்) வேண்டாம். சிறிய எஸ்டேட்டில் யாருமே அந்நியர் இல்லை என்றால், அந்தக் குழந்தைக்கு மட்டும் அந்த நடுவர் மார்க் போடாமல், மற்ற நால்வரின் சராசரியை அவருடைய கட்டத்தில் எழுதுங்கள். ஐவரையும் ஒரே சோபாவில் உட்கார வைக்காதீர்கள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பது மனித இயல்பு.

அடுத்து மதிப்பெண் தாள். நடிப்புக்கு 50: உடல்மொழி 15, பாத்திரத்தை விட்டு நழுவாமல் நிற்பது 15, வசனத் தெளிவு 10, மேடையைப் பயன்படுத்திய விதம் 10. இதில் வில்லங்கமானது வசனத் தெளிவு. சமவெளியிலிருந்து வரும் நடுவருக்குப் படுக மொழி பேசும் வீட்டுப் பிள்ளையின் தமிழும், கூடலூர்ப் பிள்ளையின் மலையாள வாடையும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேச்சும் ‘பிழை’யாகக் கேட்கும். ஆகவே தாளிலேயே எழுதிவிடுங்கள்: தெளிவு என்றால் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பது மட்டும், ஊர்ப் பேச்சுக்கு மார்க் குறைக்கக் கூடாது.

மாறுவேடத்துக்கும் 50: பாத்திரப் பொருத்தம் 15, சொந்த உழைப்பு 15, தையலும் நேர்த்தியும் 10, அணிந்து நடந்த விதம் 10. கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்த ராணி வேஷமும், அம்மா பழைய சேலையைக் கத்தரித்துத் தைத்த காய்கறிக்காரி வேஷமும் ஒரே மேடையில் வரும். வாடகை உடையா இல்லையா என்பதைப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுப் படிவத்தில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பளபளப்புதான் ஜெயிக்கும். நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் சால்வை போர்த்தி வரும் பிள்ளைகளும் உண்டு. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் இழைகளை எண்ணி, சிவப்பும் கறுப்புமாக ஊசியால் போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சடித்த போலியும் தூரத்தில் அதேபோல் தெரியும். அதனால் நடுவர்கள் நேர்த்திக்கு மார்க் போடும் முன் மேடையருகே போய்த் துணியைக் கிட்டத்தில் பார்க்கட்டும்.

இனி கூட்டல். தகராறின் வேர் இதுதான். மலர், கவிதா என்று இருவர். நான்கு நடுவர்கள் மலருக்கு 38, 40, 37, 39. கவிதாவுக்கு 36, 38, 35, 37. நால்வருக்கும் மலர்தான் மேல். ஐந்தாமவர் மலருக்கு 22, கவிதாவுக்கு 44 போடுகிறார். கூட்டினால் மலர் 176, கவிதா 190. ஒருவர் நினைத்தது நடந்துவிட்டது! இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கையை அகலமாக வீசி மார்க் போடுபவராக இருந்தாலே போதும்.

மாற்று வழி: ஒவ்வொரு போட்டியாளருக்கும் மிக உயர்ந்த ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் அடித்துவிட்டு மீதி மூன்றைக் கூட்டுங்கள். மலருக்கு 22-உம் 40-உம் போய் 114. கவிதாவுக்கு 35-உம் 44-உம் போய் 111. மலர் முதலிடம். மூன்றே நடுவர் என்றால் இப்படி அடித்த பிறகு ஒரே ஒரு மார்க்தான் மிஞ்சும், அதனால்தான் ஐவர்.

வரிசை எண்ணைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். முதலில் வருபவருக்கு நடுவர்கள் கை இழுத்துத்தான் போடுவார்கள், பின்னால் இதைவிட நல்லவர் வரலாம் என்ற எண்ணத்தில். போட்டியில் சேராத ஒருவரை முதலில் மூன்று நிமிடம் நடிக்கவிட்டு ஐவரும் மார்க் போட்டு ஒப்பிட்டால் கை பழகிவிடும். பன்னிரண்டு பேருக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை, டீயோடு.

மலைக்கே உரிய தொல்லைகள் சில. ஜனவரிக் குளிரில் பிள்ளைகள் வேஷத்துக்கு மேல் ஸ்வெட்டரோடு மேடையேறுவார்கள். கழற்ற வேண்டுமா, போட்டுக்கொள்ளலாமா என்று முன்பே அறிவியுங்கள் (சிறு குழந்தை என்றால் போட்டுக்கொள்ளட்டும், காய்ச்சலுக்கு முன் பரிசு எம்மாத்திரம்). நிகழ்ச்சியை 11 மணிக்கு மேல் தொடங்கி 3 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் மூடுபனி இறங்கினால் திறந்தவெளி மேடையில் மூன்றாவது வரிசையிலிருந்தே முகம் தெரியாது. மஞ்சள் பல்பில் நீலமும் பச்சையும் மங்கிப்போகும், வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஏற்பாடு செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால், அப்போது மேடையில் இருந்தவருக்கு முதலிலிருந்து மறுவாய்ப்பு.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் போட்டியாளர் மேடையேறும் முன்பே எழுதி வையுங்கள். 1932-இல் ஆஸ்கரில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அன்றைய விதிப்படி அது சமம் என்று கொண்டு இரண்டு நடிகர்களுக்கும் பரிசு போனது. 2020-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைச் சூர்யாவும் அஜய் தேவ்கனும் பகிர்ந்துகொண்டார்கள். உங்களிடம் இருப்பது ஒரே கோப்பை என்றால், நடிப்பில் உடல்மொழி மார்க்கையும் மாறுவேடத்தில் சொந்த உழைப்பு மார்க்கையும் எடுத்து, அவற்றிலும் இரண்டு முனைகளை அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். அதுவும் சமம் என்றால் இன்னொரு கோப்பை வாங்குங்கள்.

பரிசு அறிவித்ததும் ஐந்து தாள்களையும் நடுவர் பெயரை மறைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அடித்த மார்க்கைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள், அழிக்காதீர்கள். பென்சிலில் எழுதிய தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள்.