பள்ளி டேப்லெட்டில் அப்பாவின் கூகுள் கணக்கு: வெளியே எடுப்பது எப்படி?

ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். பள்ளியில் கொடுத்த டேப்லெட்டில் ஆப் இறக்க ஜிமெயில் கேட்டால், பிள்ளைகள் அப்பாவின் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் செய்திருந்தாள். கூகுள் போட்டோஸைத் திறந்தால் மச்சானின் ஆதார், படகுப் பதிவுச் சான்று, வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று எல்லாமே தெரிந்தது.

முதலில், டேப்லெட் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால், 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பட்டியலையும், அதாவது டேப்லெட்டைக் கட்டுப்படுத்த அனுமதி பெற்ற ஆப்களின் பட்டியலையும் பாருங்கள். குரோமின் இன்காக்னிட்டோவை (ரகசியமாகப் பார்க்கும் முறை) நம்ப வேண்டாம். அது டேப்லெட்டில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். கண்காணிப்பு மென்பொருளை அது தடுக்காது.

அடுத்து, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய், அப்பாவின் கணக்கைத் தொட்டு, ரிமூவ் கொடுங்கள்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளி பூட்டி வைத்த டேப்லெட்டில் ரிமூவ் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம். பதற வேண்டாம், அப்பாவின் போனை எடுங்கள். செட்டிங்ஸ், கூகுள், 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்', செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' என்று போனால் டேப்லெட்டின் பெயர் இருக்கும். அதைத் தொட்டு சைன் அவுட் கொடுங்கள். உடனே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாதது இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

கணக்கு போனாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறக்கிய கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும். 'கிளீனர்' ஆப் எதுவும் போடாதீர்கள். எனக்கு அவற்றின் மேல் துளியும் நம்பிக்கையில்லை. பள்ளி கொடுத்த கணக்கு பள்ளி வேலைக்கு மட்டும் இருக்கட்டும்.

கேமராவுக்கு மேல் சின்ன பிளாஸ்திரி ஒட்டுங்கள். 2010இல் அமெரிக்காவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தில், மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பின் கேமரா வீட்டுக்குள்ளேயே படம் எடுத்தது வெளியே வந்து வழக்கானது. கடைசியில் 6,10,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

நம் ஊரில் உரிமை இல்லையா? இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதன் பிரிவுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. படிப்புக்கும் பாதுகாப்புக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்கப் பள்ளிகளுக்கு விலக்கும் உண்டு. ஆனாலும் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. என்ன மென்பொருள் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்பார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை: அரசின் விலையில்லா மடிக்கணினிக்கும் இது பொருந்துமா என்று மண்டபத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அது மாணவருக்கே சொந்தம், திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. தம்பிக்குக் கொடுப்பதானால் மட்டும் முழுதாக ரீசெட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதுபோல ஆக்குங்கள். பள்ளிக்குச் சொந்தமான டேப்லெட்டை நீங்களாக ரீசெட் செய்யாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.