முதல் ஸ்னோபோர்டிங் பயணத்துக்குக் கிளம்பும் முன்

ஒரே பலகையில் பக்கவாட்டாக நின்று பனிச்சரிவில் சறுக்குவதுதான் ஸ்னோபோர்டிங். இதற்கு இடம் தேடும்போது, பேர் பெற்ற மலையா என்று பார்ப்பதைவிட, கற்றுக்கொள்பவர்களுக்குத் தோதான இடமா என்று பாருங்கள். ஐரோப்பாவில் நீலக் குறியிட்ட சரிவு எளிதானது. வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஏறினால் திண்டாட வேண்டியதுதான். அப்புறம், மேலே ஏற என்ன வசதி என்று விசாரியுங்கள். நின்றபடியே போகும் நகரும் பட்டையான 'மேஜிக் கார்ப்பெட்' இருந்தால் நிம்மதி. டி-பார் போன்ற இழுவை லிஃப்ட் மட்டும் இருந்தால், பலகையில் பக்கவாட்டாக நிற்கும் புதியவருக்குப் பெரும்பாடு.

பலகையை வாடகைக்கு எடுத்தாலே போதும். பூட்ஸில் மட்டும் அவசரப்படாதீர்கள். கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் கொஞ்சம் பின்னுக்கு வர வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. காலுறை ஒரு ஜோடிதான். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும்.

விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. அதனால்தான் புதியவர்களுக்கு மணிக்கட்டில் அதிகம் அடிபடுகிறது. ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம் வாங்குங்கள், இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

காப்பீடு எடுத்தாயிற்று, சரி. அதில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா? சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் இருக்காது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும், குறியிட்ட பாதையை விட்டு வெளியே போனால் பணம் கிடைக்குமா என்பதும் பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.